பால்கனிக்கு எந்த ஒயர் ரோப்? முனை போஸ்ட்டில் இருந்து ஆரம்பியுங்கள்

கோத்தகிரிப் பக்கம் சரிவில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் மாடியில் பால்கனி, முன்பக்கம் 20 அடி, இரண்டு பக்கமும் ஆறாறு அடி. எதிரே மேட்டுப்பாளையம் சமவெளி வரை தெரிகிறது. அதை மறைக்காமல் இருக்க கிரில்லுக்குப் பதிலாக ஒயர் ரோப் போட ஆசை. வெல்டர், "6 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ரோப் போடலாம், யூ கிளாம்ப் போட்டு இறுக்கிவிடலாம்" என்கிறார். கடைக்காரர் 3 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போதும் என்கிறார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. பால்கனிக்குக் கீழே சரிவு 18 அடி இறங்குகிறது. எதை வாங்குவது?

கடைக்காரர் சொன்னதுதான் சரிக்குப் பக்கம். ஆனால் ரோப்பைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையில் சுலபமான பகுதி. தவறான ரோப் வாங்கினால் அதைக் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். போஸ்ட்டைத் தவறாக நட்டால் தரையை உடைக்க வேண்டிவரும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ரோப்பின் பின்னல். கடையில் மூன்று வகை கிடைக்கும். 1×19 என்பது 19 கம்பிகளை ஒரே சரமாக முறுக்கியது. விறைப்பாக, வழவழப்பாக இருக்கும், இழுத்தால் அதிகம் நீளாது. 7×7 என்பது ஏழு சரம், சரத்துக்கு ஏழு கம்பி, ஓரளவு வளையும். 7×19 நன்றாக வளையும். விஞ்ச், லிஃப்ட் மாதிரி ரோப் கப்பியில் ஏறி இறங்கி ஓடுகிற இடங்களில் அந்த வளைவு தேவை. பால்கனியில் ரோப் எங்கேயும் ஓடப்போவதில்லை, ஒரே இடத்தில் விறைப்பாக நிற்க வேண்டும். எனவே 1×19 தான். 3 மி.மீ. 1×19-இல் ஒவ்வொரு கம்பியும் 0.6 மி.மீ. தடிமன். அதே 3 மி.மீ. 7×19-இல் மொத்தம் 133 கம்பி, ஒவ்வொன்றும் 0.2 மி.மீ. தான். அவ்வளவு மெல்லிய கம்பிகளுக்கு இடையே பனியும் தூசியும் உட்கார்ந்தால் எளிதில் காயாது. இரண்டொரு கம்பி அறுந்து சிலும்பினால் கையைக் கிழிக்கும். வளையும் ரோப்பை வெல்டர்கள் விரும்புவது கையாளச் சுலபம் என்பதால். அது அவர்களுக்கு அரை நாள் வசதி, உங்களுக்கு வருடக்கணக்கில் தொய்வு.

அடுத்தது தடிமன். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தடியான ரோப் போட்டால் பலம் என்று நினைப்பது இயல்பு. நல்ல 3 மி.மீ. 1×19 எஸ்.எஸ். ரோப் அறுந்துபோக ஏறத்தாழ 700 கிலோ இழுவிசை வேண்டும். பால்கனியில் நாம் அதை இழுத்துக் கட்டப்போவது 100 முதல் 120 கிலோவுக்கு. அறுந்துவிடுமோ என்ற கவலையே தேவையில்லை. கவலைப்பட வேண்டியது இரண்டு ரோப்புக்கு நடுவே குழந்தையின் தலை நுழையும் அளவுக்கு அவை விலகுமா என்பதைப் பற்றி. அந்த விலகலைத் தீர்மானிப்பவை இரண்டு: எவ்வளவு இறுக்கமாக இழுத்திருக்கிறீர்கள், போஸ்ட்டுக்குப் போஸ்ட் எவ்வளவு தூரம். தடிமனுக்கு அதில் பெரிய பங்கில்லை. தொய்வாகக் கட்டிய 6 மி.மீ. ரோப், துணிக்கொடி மாதிரி விலகிக்கொடுக்கும்.

கணக்கு எளிது. போஸ்ட்டுக்குப் போஸ்ட் ஒரு மீட்டர், ரோப்பில் இழுவிசை 100 கிலோ என்றால், நடுவில் 5 கிலோ அழுத்தம் கொடுத்தபோது ரோப் சுமார் 12 மி.மீ. விலகும். இடைவெளியை ஒன்றரை மீட்டர் ஆக்கினால் அதே அழுத்தத்துக்கு 19 மி.மீ. இழுவிசை பாதியானால் விலகல் இரட்டிப்பு. தடுப்பில் 100 மி.மீ. பந்து நுழையக்கூடாது என்பது பல நாடுகளில் கைக்கொள்ளும் அளவு. சின்னக் குழந்தையின் தலையை மனதில் வைத்துச் செய்தது. ரோப்புக்கு ரோப் 100 மி.மீ. விட்டால் லேசாகத் தள்ளினாலே அது நுழைந்துவிடும், ஏனென்றால் ரோப் விலகிக்கொடுக்கும் பொருள். 75 மி.மீ. வைத்தால் ரோப்பின் தடிமன் போக 72 மி.மீ. சந்து இருக்கும், பந்து நுழைய மேல் ரோப்பும் கீழ் ரோப்பும் ஆளுக்கு 14 மி.மீ. விலக வேண்டும். ஆக, என் அளவு இது: ரோப்புக்கு ரோப் 75 மி.மீ., போஸ்ட்டுக்குப் போஸ்ட் ஒரு மீட்டருக்கு மேல் போகாமல், இழுவிசை 100 கிலோவுக்குக் குறையாமல். முன்பக்கத்து 20 அடிக்கு ஏழு போஸ்ட் வரும். "வியூ மறைக்குமே" என்று நடு போஸ்ட்டுகளைக் குறைக்கச் சொல்லாதீர்கள். மறைப்பு வேண்டாம் என்றால் நடு போஸ்ட்டுக்கு மெல்லிய பட்டையை, தட்டையான பக்கம் உள்ளும் வெளியும் நீளும்படி நிறுத்துங்கள். முன்னால் நின்று பார்த்தால் ஒரு கோடுதான் தெரியும். வெளிப்பக்கம் தள்ளும் விசைக்கும் அதுவே பலமான நிலை.

இனி முனை போஸ்ட். நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு 75 மி.மீ. வீதம் 13 ரோப் வரும். ஒவ்வொன்றும் 100 கிலோ இழுத்தால் மொத்தம் 1,300 கிலோ. ஒன்றேகால் டன்னுக்கு மேல், இரவும் பகலும், ஆள் யாரும் தொடாதபோதும், அந்த முனை போஸ்ட்டை உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். சாதாரண கைப்பிடிக்குப் போடும் 50-க்கு 50, 2 மி.மீ. கனமுள்ள எஸ்.எஸ். சதுரக் குழாய் தனியாக நின்றால் இதைத் தாங்காது, வளைந்துவிடும். வளைந்தவுடன் எல்லா ரோப்பும் தளரும். வெல்டர் திரும்ப வந்து இறுக்குவார், போஸ்ட் இன்னும் வளையும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மேல் கைப்பிடிக் குழாயை முனையிலிருந்து முனை வரை ஒரே நீளமாக, இரண்டு முனை போஸ்ட்டுக்கும் நடுவே முட்டுக்கொடுத்த மாதிரி இறுக்கமாகப் பற்றவையுங்கள். அப்போது போஸ்ட் அடியில் மட்டும் பிடித்து நிற்காமல், மேலும் கீழும் தாங்கப்பட்டு நடுவில் மட்டும் இழுபடும். அதன்மேல் விழும் வளைவு விசை ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறையும். அதன் பிறகும் 2 மி.மீ. குழாய் போதாது. முனைகளுக்கு 60-க்கு 60, 5 மி.மீ. கனம் போடச் சொல்லுங்கள். நடு போஸ்ட்டுகளுக்கு இந்த இழுவை இல்லை. அவை ரோப்பை இடத்தில் நிறுத்துவதற்கும், சாய்கிற ஆளைத் தாங்குவதற்கும்தான். முனையில் கான்கிரீட் தூணோ நல்ல சுவரோ இருந்தால் போஸ்ட்டே வேண்டாம், ரோப்பை அதிலேயே ஆங்கர் செய்யலாம். ஆனால் மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய கருங்கல் சுவரிலும் ஹாலோ பிளாக்கிலும் செய்யாதீர்கள், கழன்று வந்துவிடும்.

மூலையில் ரோப்பை அப்படியே மடக்கித் திருப்பச் சொல்வார்கள். 1×19 மடங்காத ஜாதி. மூலையில் இரண்டு பக்கமும் தனித்தனியாக முடித்துக்கொள்ளுங்கள். ரோப்பின் முனையைப் பிடிக்கும் ஃபிட்டிங் செலவு கூடும், பரவாயில்லை. மூலை போஸ்ட்டில் இரண்டு திசையிலிருந்தும் இழுவை வரும் என்பதால் இரண்டு துளை வரிசையும் ஒன்றோடொன்று மோதாமல் கொஞ்சம் மேலும் கீழுமாகப் போட வேண்டும்.

போஸ்ட் நிற்கும் தரை. பால்கனி ஸ்லாபின் ஓரத்துக்கு மிக அருகே எக்ஸ்பான்ஷன் போல்ட் அடித்தால் அது விரியும்போதே கான்கிரீட் ஓரம் பிளந்துகொள்ளும். ஓரத்தில், பசை விட்டு போல்ட்டைப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர் நல்லது: துளை போட்டு, தூசியை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதிவிட்டுப் பசையை விட வேண்டும். தூசியோடு விட்டால் பிடிக்காது. ஈரம் சொட்டும் மழை நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். போஸ்ட்டின் அடித்தகடு (பேஸ் பிளேட்) டைல்ஸ் மேல் உட்காரக்கூடாது, அடியில் இருக்கும் கான்கிரீட்டைப் பிடித்து உட்கார வேண்டும். டைல்ஸ் பதிக்கும் முன்பே போஸ்ட் நட்டுவிட்டால் தொல்லை இல்லை. நீங்கள் இன்னும் கட்டிக்கொண்டிருப்பதால் உங்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது.

எவ்வளவு தள்ளு விசைக்குச் செய்வது என்பதற்கு நம் நாட்டிலேயே ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதி இருக்கிறது. வீட்டைச் சேர்ந்த தனி உபயோகப் பால்கனிக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.35 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 35 கிலோ. மற்ற பால்கனிகளுக்கு 0.75, சுமார் 75 கிலோ. நம் மலையில் இன்று சொந்த வீடு, நாளை ஹோம் ஸ்டே என்பது சகஜமாகிவிட்டது. ஆறேழு பேர் ஒரே பக்கம் சாய்ந்து போட்டோ எடுப்பார்கள். இப்போதே 75 கிலோ கணக்குக்குச் செய்துவிடுங்கள். உயரம், டைல்ஸ் போட்ட பிறகு அளந்தால் ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது. 18 அடி இறக்கத்துக்கு 1.1 மீட்டர் வைத்தால் இன்னும் நிம்மதி.

எஸ்.எஸ்.ஸில் எந்த கிரேடு? 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-இல் நிக்கல் கொஞ்சம் கூட, அதோடு இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம். அந்த மாலிப்டினம்தான் உப்புக் காற்றின் அரிப்பைத் தடுக்கிறது. நீலகிரியில் கடல் உப்பு இல்லை என்பதால் அசல் 304 போதும் என்று சொன்னால் தப்பில்லை. இருந்தும் ரோப்புக்கு மட்டும் 316 வாங்கச் சொல்வேன். வழவழப்பான குழாயில் மழை வழிந்து காய்ந்துவிடும்; ரோப்பின் முறுக்குச் சந்திலும் ஃபிட்டிங்கின் வாயிலும் ஈரம் தேங்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் கொட்டும், தென்மேற்குக் காலத்தின் மூடுபனியும் உண்டு. பல நாட்கள் ரோப் முழுக்கக் காயவே காயாது. மொத்தச் செலவில் ரோப்பின் பங்கு சிறியது, அங்கே மிச்சம் பிடிப்பதில் லாபமில்லை.

கிரேடைவிட முக்கியம், சொன்ன கிரேடுதான் கொடுக்கிறார்களா என்பது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 என்ற மலிவு வகை கைப்பிடிக் குழாயாக ஏராளமாக விற்கிறது. புதிதில் கண்ணாடி மாதிரி மின்னும், மலை ஈரத்தில் சீக்கிரம் பழுப்புப் புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பது தவறான நம்பிக்கை. 202-உம் காந்தத்தில் சரியாக ஒட்டாது. மாறாக, நல்ல 304 கம்பியே இழுத்து மெலிதாக்கும்போது லேசாகக் காந்தம் பிடிக்கும். மாலிப்டினம் சோதிக்கும் சொட்டு மருந்து கிடைக்கிறது. கோவையில் பெரிய எஸ்.எஸ். வியாபாரிகள், பழைய இரும்புக்காரர்கள் சிலரிடம் உலோகம் காட்டும் துப்பாக்கிக் கருவி இருக்கும்; ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். பில்லில் கிரேடை எழுதித் தரமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

ஜி.ஐ. ரோப் வேண்டாம். துத்தநாகப் பூச்சு தேயத் தேய உள்ளே துரு, அப்புறம் டைல்ஸில் பழுப்புக் கோடு. பிளாஸ்டிக் உறை போட்டது அதைவிட மோசம். வெட்டிய முனை வழியாக ஈரம் உறைக்குள் போகும், வெளியே வராது. பச்சைப் பளபளப்புக்கு உள்ளே கம்பி துருத்தூளாகப் போயிருப்பது அறுந்த பிறகுதான் தெரியும்.

உங்கள் ஊரில் எஸ்.எஸ்.ஸைக் கெடுப்பது மழையைவிட இரண்டு விஷயங்கள். ஒன்று, டைல்ஸ் வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போக மேஸ்திரி ஊற்றும் ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம்; அதன் ஆவி பட்டாலே 316-உம் பழுப்பேறும். ஆசிட் கழுவல் முடிந்து, நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிய பிறகுதான் ரோப் மேலே வர வேண்டும். இரண்டாவது, பக்கத்தில் இரும்பு கேட்டோ ஷீட்டோ கிரைண்டர் போட்டு அறுக்கும்போது பறக்கும் பொறி. ஒவ்வொரு பொறியும் ஒரு இரும்புத் துணுக்கு. ரோப்பில் ஒட்டி, முதல் பனியிலேயே துருப்பிடித்து, ரோப்பே துருப்பிடித்த மாதிரி காட்டும். போஸ்ட்டை இரும்பில் செய்து பெயின்ட் அடிப்பதாக இருந்தால் ரோப் நுழையும் துளை ஒவ்வொன்றிலும் நைலான் புஷ் (உள்வளையம்) போடுங்கள். இல்லாவிட்டால் ரோப் பெயின்ட்டைத் தேய்த்துவிடும். ஈரத்தில் எஸ்.எஸ்.ஸும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் வேகமாக அரிக்கும்.

முனை ஃபிட்டிங். யூ கிளாம்ப்பை மறந்துவிடுங்கள். 1×19 ரோப்பைச் சின்ன வளையமாக மடக்கிக் கிளாம்ப் போட்டால் கம்பிகள் நசுங்கும், வெட்டிய முனை முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், மெதுவாக வழுக்கவும் செய்யும். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நசுக்கி ஒட்டவைக்கும் ஸ்வேஜ் ஸ்டட் (மரையுள்ள தண்டு) உறுதியானது, ஆனால் அளவைத் துல்லியமாக எடுத்துக் கோவையில் செய்து கொண்டுவர வேண்டும். ஒரு முனையை அப்படிச் செய்துகொண்டு, மறுமுனைக்கு உள்ளே கூம்பு வைத்து ஸ்பேனரால் இறுக்கும் வகையை வாங்குங்கள். அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் வீட்டிலேயே வெட்டிச் சரிசெய்யலாம். வெட்டும் முன் அந்த இடத்தில் டேப் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் 19 கம்பியும் விசிறியாகப் பிரிந்துகொள்ளும்.

இறுக்கும்போது பார்க்க வேண்டியவை சில. எஸ்.எஸ். மரைக்குள் எஸ்.எஸ். நட், பாரத்தோடு வேகமாகத் திருகினால் சூடாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரைக்கு ஆன்டி சீஸ் கிரீஸ் தடவி, பவர் டூல் இல்லாமல் கையாலேயே மெதுவாகத் திருகச் சொல்லுங்கள். திருகும்போது ரோப்பும் சேர்ந்து சுற்றினால் முறுக்குப் பிரியும், அதனால் ஸ்டட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். நடு ரோப்பில் ஆரம்பித்து, அதற்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்று போய், முடிந்ததும் மறுபடி ஒரு சுற்று வர வேண்டும். பின்னால் இறுக்கிய ரோப் முன்னால் இறுக்கியதைத் தளர்த்தியிருக்கும். கடைசியில், கழலாமல் பிடிக்கும் லாக் நட். கோத்தகிரியில் குரங்குகள் பால்கனிக்கு வராமல் இருக்காது, ரோப்பைப் பிடித்து ஆட்டும். லாக் நட் இல்லாத டர்ன்பக்கிள் (ரோப்பை இறுக்கும் திருகு) அந்த ஆட்டத்திலேயே கழன்றுகொண்டு வரும்.

இழுவிசை மீட்டர் எல்லா வெல்டரிடமும் இருக்காது. ஒரு மீட்டர் இடைவெளியின் நடுவில் 5 கிலோ அரிசிப் பையைக் கொக்கியில் தொங்கவிட்டு, ரோப் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 12 மி.மீ.க்கு மேல் இறங்கினால் இறுக்கம் போதாது. இந்தச் சோதனையை வெயில் ஏறிய மதியத்தில் செய்யுங்கள். எஸ்.எஸ். சூட்டில் நீளும்: ஆறு மீட்டர் ரோப் 20 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 2 மி.மீ. நீண்டு, 15 முதல் 20 கிலோ இழுவிசை குறையும். விடியற்காலைக் குளிரில் கச்சிதமாக இறுக்கியது மதியம் தளர்ந்திருக்கும். ஊட்டி, தலைகுந்தா மாதிரி உறைபனி விழும் இடங்களில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். புது ரோப் முதல் சில வாரங்களில் தானாகவே கொஞ்சம் நீளும், எனவே ஒரு மாதம் கழித்து மறுபடி இறுக்க வெல்டர் வர வேண்டும் என்று கூலி பேசும்போதே பேசிவிடுங்கள்.

குழந்தை விஷயத்தைக் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் இதில் என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கிடைமட்ட ரோப் 75 மி.மீ.க்கு ஒரு படியாக, ஏறத் தோதான ஏணி. மூன்று வயதுக் குழந்தை நுழைந்து விழாது, ஆனால் ஏறும். ஆஸ்திரேலியக் கட்டட விதியில், கீழே நாலு மீட்டருக்கு மேல் இறக்கம் இருந்தால் தரையிலிருந்து 150 முதல் 760 மி.மீ. உயரம் வரை ஏறத்தக்க கிடைமட்டக் கம்பி எதுவும் இருக்கக்கூடாது என்றே இருக்கிறது. உங்கள் 18 அடி ஐந்தரை மீட்டர். முன்பக்கத்தில் கிடைமட்ட ரோப் வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

அங்கே செங்குத்தாகப் போடுங்கள். செங்குத்து ரோப் என்றால் இழுவை முழுவதும் மேல், கீழ்க் குழாய்களில் விழும். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் வரும். அதற்குக் கனமான குழாய் வேண்டும், கைப்பிடி பார்க்கவே முரடாகிவிடும். 10 மி.மீ. எஸ்.எஸ். கெட்டிக் கம்பியைச் செங்குத்தாக 90 மி.மீ. சந்து விட்டுப் பற்றவைத்தால் இழுவிசை என்ற பேச்சே இல்லை, இறுக்க வேண்டியதில்லை, ஏறவும் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் சமவெளி தெரியாமல் போகாது. பக்கவாட்டில் ஏதாவது ஒரு பக்கம் மேட்டோடு சேர்ந்து, இறக்கம் மூன்று நாலு அடிதான் என்றால் அங்கே ஆசைக்குக் கிடைமட்ட ரோப் போட்டுக்கொள்ளலாம். எங்கே எதைப் போட்டாலும் நாற்காலி, பூந்தொட்டி எதையும் தடுப்பை ஒட்டி வைக்காதீர்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை, கோடைக்கு முன் ஒரு தடவை, சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் பாசியும் பழுப்பும் போய்விடும். பிளீச்சிங் பவுடரும் இரும்பு நாரும் ரோப் பக்கமே வரக்கூடாது.

வெல்டரிடம் பேசும் முன் ஒரு வேலை செய்யுங்கள். முனை போஸ்ட் வரும் நாலு இடங்களிலும் அடியில் கான்கிரீட் இருக்கிறதா, செங்கல் திண்டா, ஸ்லாபின் கனம் எவ்வளவு, ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம் உள்ளே போஸ்ட் நிற்க முடியும் என்று அளந்து சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் பேஸ் பிளேட் அளவும் போல்ட் அளவும் சொல்ல முடியும்.